அக்காவின் கண்ணில் இல்லாத இடம்

என் இரண்டு கண்ணுக்குள்ளும் ஒவ்வொரு லென்ஸ் இருக்கிறது. முதலில் அதைக் கேட்டுப் போனவள் அக்கா.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நாங்கள் இருவரும் பிள்ளைப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி, செல்போன் பாகங்கள் செய்யும் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். இருவருக்கும் சிறுவயதிலிருந்தே கிட்டப்பார்வை. அக்காவுக்கு மைனஸ் பதிமூன்று, எனக்குப் பத்து. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் வருபவர் முகம் தெரியாது. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு அக்கா சென்னைக்குக் கிளம்பினாள். துணைக்கு நான்.

இயற்கையான லென்ஸை எடுக்காமல் அதற்கு முன்னால் இன்னொன்றை வைப்பார்களாம். அதற்குக் கண்ணின் முன்பகுதியில் போதிய ஆழம் வேண்டுமாம். டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு இடம் கம்மியா இருக்கும்மா. வெச்சா கண்ணுல பிரஷர் ஏறிடும்" என்றார். அக்கா கழற்றி வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு என்னைக் காட்டி, "இவளுக்குப் பாருங்க சார்" என்றாள்.

எனக்கு இடம் இருந்தது.

ஒரு வாரத்தில் இரண்டு கண்ணும் முடிந்தன. அக்கா லீவு போட்டு, மணி பார்த்துச் சொட்டு மருந்து விட்டாள்.

"இன்னாடி தெரியுது?"

"எதிர் வூட்டு ஆன்டனால காக்கா உக்காந்துகினு கீதுக்கா."

அவள் சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, செல்போன் சர்க்யூட் போர்டுகளில் கீறல் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்கும் செக்கிங்கில் ஓர் இடம் காலியானது. அடுத்தது அக்காதான் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அருகில் இருப்பது நன்றாகத் தெரியும். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு போர்டை மூக்கருகே கொண்டுபோனால், மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் கீறலை வெறுங்கண்ணால் காட்டிவிடுவாள்.

புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு அது தெரியாது. டீ பிரேக்கில் என்னிடம், "உங்க அக்கா ஏன் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாக்குறாங்க? கண்ணு சரியாத் தெரியாதா?" என்று கேட்டார்.

ஒரே வரியில் விளக்கியிருக்கலாம்.

"அவளுக்கு பவர் ரொம்ப அதிகம் சார். ஆபரேஷனே முடியாதுன்னுட்டாங்க" என்றேன். இரண்டும் உண்மை. அதைச் சொல்லும்போதே அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டேன் என்பதும் உண்மை.

செக்கிங் எனக்குக் கிடைத்தது. கண் போதாது என்று அக்காவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றபடி அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து அவள் காலை வெந்நீரில் வைக்கும்போதெல்லாம், வேறு வேலை இருப்பதுபோல நான் எழுந்து போய்விடுவேன்.

அடுத்த வருடப் பரிசோதனைக்கும் அவளே கூட வந்தாள். கண்மணி விரிய மருந்து விட்டு, கண்ணை மூடி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் சூப்பர்வைசரிடம் நான் பேசியதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. சொன்னேன்.

"தெரியும்டி. என்னை பேக்கிங்குக்கு மாத்துன அன்னிக்கே அந்த சார் எங்கிட்ட சொல்லிட்டாரு."

"ஏங்க்கா என்னைக் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்."

நர்ஸ் கூப்பிட்டார். மருந்தில் எல்லாம் கலங்கித் தெரிந்த என்னை, அக்கா கைபிடித்துக் கதவுவரை கூட்டிப்போனாள்.

கல்யாணம் ஆகும்வரை அவள் பேக்கிங்கிலேயே இருந்தாள். நானும் செக்கிங்கை விட்டுக்கொடுக்கவில்லை.