பன்னிரண்டு கட்டு வல்லாரை

புதன்கிழமை காலை ஆறு பத்து. கேட்டுக்கு வெளியே முதலில் கண்ணில் பட்டது ஒரு வெறுங்கூடை.

பிறகுதான் பரமேஸ்வரியைப் பார்த்தேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தன் லயத்து வீட்டுக்குப் பின்னால் கீரை போட்டு, எங்கள் வீதியில் வீடு வீடாக விற்பவர். அவருக்கு மூச்சு வாங்கியது.

"சார், நேத்து வாங்குன வல்லாரைய சாப்பிட்டுட்டீங்களா?"

"இப்பத்தான் சம்பலுக்கு அரியிறாங்க. ஏன்?"

"சாப்பிடாதீங்க! நம்ம வீட்டுக்காரரு பாதிக்கு மேல தேயிலை மலையில, வடிகான் ஓரமா புடுங்கியிருக்காரு. அங்க முந்தாநாளு புல்லுக்கு மருந்து அடிச்சாங்களாம். விடியத்தான் தெரியும். எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து கட்டிட்டேன் சார்..."

குசினிக்கு ஓடினேன். மனைவி கையில் தேங்காய்ப்பூ. நல்லவேளை, யாரும் வாயில் வைக்கவில்லை.

ஏன் வடிகான் ஓரம்? பரமேஸ்வரியின் பாத்தியில் ஒரு நாளைக்கு ஐந்து கட்டுதான் தேறும். லொறியில் வருவதை விடுங்கள், பக்கத்தில் விளைவதை வாங்குங்கள் என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதியவன் நான். வீதி முழுக்க அவருக்கு ஆள்பிடித்துக் கொடுத்தவனும் நான்தான். நேற்று நாங்கள் கேட்கக் கேட்க அவர் கொண்டுவந்தது பன்னிரண்டு கட்டு.

"ஒருத்தருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இந்த ரோட்டுல நான் கூடையோட நடக்க முடியுமா சார்?"

எங்கள் கீரையை அவர் கூடையில் போட்டுவிட்டு, மற்ற வீடுகளில் திரும்ப வாங்க, செருப்பை மாட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

மூன்றாவது வீடு, யாழ்ப்பாணத்து டீச்சர். "உங்கட பத்தியை வாசிச்சுத்தானே வாங்கினனான்! இனி மருந்தைப் பற்றியும் எழுதுவியளோ?" ஃபிரிட்ஜிலிருந்து கட்டை எடுத்து நீட்டினார்.

எழுதுகிறேன், டீச்சர். பக்கத்தில் விளைந்தது என்பது மட்டும் போதாது. எந்த இடத்தில் பறித்தது என்று கேளுங்கள். பாத்தி தருவதற்கு மேல் கேட்காதீர்கள். கீரை இல்லையா? அன்றைக்கு மரவள்ளியோ ஈரப்பலாவோ போதும்.

இன்னொன்று. கடையில் பொலித்தீன் பையில் தொங்கும் கீரைக்கு பார்கோட் உண்டு – விடியற்காலையில் மூச்சிரைக்க ஓடிவர ஆள் உண்டா?

ஏழே கால். கூடைக்குள் பதினொரு கட்டு.

"இன்னும் ஒண்ணு?"

"பஸ்ஸுக்கு நின்ன ஒரு அக்கா வாங்குனாங்க சார். பேரு தெரியாது. முகம் பாத்தா தெரியும்."

பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றோம். பரமேஸ்வரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

ஏழரை பஸ்ஸில் ஏறியவர்களில் அந்தப் பெண் இல்லை.