காதில் பஞ்சும் மூன்றாவது கோப்பையும்

ஸ்ஸ்ர்ர்ர்ப்...

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியின் டேஸ்டிங் ரூம். காலை பத்து மணி. நீள மேஜையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஐந்து பேர் கரண்டியில் தேநீரை எடுத்து, காற்றோடு சேர்த்து உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டுத் துப்புவோம். மற்ற நால்வருக்கும் அந்தச் சத்தம் வேலையின் ஒரு பகுதி. எனக்கு மட்டும் மண்டைக்குள் யாரோ தகரத்தைக் கிழிப்பது போல இருக்கும்...

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு உதவி ஃபேக்டரி ஆபீசராகச் சேர்ந்திருந்தேன். மூன்றாம் நாளே இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன்.

அன்றே எனக்குப் பெயர் சூட்டப்பட்டது. சூட்டியவன் ஸ்டீபன். பக்கத்து வெலிங்டன்காரன். எனக்குச் சமமான வேலை, குவார்ட்டர்ஸில் ஒரே அறை.

"ஏனுங்க பஞ்சு சார், காதுக்கு வெச்சது பத்துதுங்களா? மூக்குக்கும் ரெண்டு உருட்டித் தரட்டுங்களா?"

ஒரே வாரத்தில் எஸ்டேட் முழுக்க நான் பஞ்சு சார்.

ஆனால் அந்த மூக்கு... கொஞ்சம் பெருமை பேச விடுங்கள், நண்பர்களே. அரைத்த இலை பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும்போது, நறுக்கிய ஆப்பிள் போல ஒரு வாசனை எழும். அது உச்சத்துக்கு வரும் நிமிடத்தைக் கடிகாரம் பார்க்காமல் சொல்வேன். அந்த நிமிடத்தில் இலையை டிரையருக்கு அனுப்பினால் தேநீர் பொன்னாக வரும். அந்த மலையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நிமிடங்களில்தான்.

டேஸ்டிங் ரூமில் ஒரு வழக்கம் இருந்தது. மேனேஜர் முதலில் கருத்துச் சொல்வார். பிறகு பதவி வரிசைப்படி ஒவ்வொருவரும் அதையே வேறு வார்த்தையில் சொல்லவேண்டும். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத எதுவும் எனக்குப் புரிந்ததில்லை.

ஒருநாள் கொச்சியிலிருந்து இரண்டு பேர் தேயிலை வாங்க வந்திருந்தார்கள். மேனேஜர் மூன்றாவது கோப்பையை உறிஞ்சிவிட்டு, "பிரமாதம்" என்றார். ஸ்டீபன், "நல்ல கலர் சார்" என்றான். அடுத்தது நான்.

"மூணாவது கப்பு தீஞ்சிருக்குங்க சார். டிரையர்ல சூடு ஓவரா போயிருக்கு."

வந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மறுவாரம் என்னைப் பச்சை இலை எடை போடும் ஷெட்டுக்கு மாற்றினார்கள். அன்று மாலை அறையில் ஸ்டீபனிடம் கேட்டேன்: "நீயும் குடிச்சியே... உனக்குத் தெரியலையா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பிறகு பரீட்சை எழுதி பாங்க் வேலைக்குப் போய், மலையை விட்டே இறங்கிவிட்டேன். மேனேஜரை மறந்துவிட்டேன். ஸ்டீபனை மறக்கவில்லை. இருபத்தாறு வருடம். பழைய ஸ்டாஃப் கூடும்போதெல்லாம் அழைப்பு வரும், பதில் போட்டதில்லை. அதைவிட மோசம், அன்றைக்கு என் நாக்கே பொய் சொல்லியிருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எழுதும்போதே கை பரபரக்கிறது!

நான் ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ள, போன மாதம் கோவையில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போனேன். பல நாள் கேள்விகள், பரிசோதனைகள். கடைசியில், "உங்ககூட ஒண்ணா இருந்து பாத்தவங்க யாராவது பேசினா நல்லாருக்கும்" என்றார்கள். அப்பா, அம்மா இல்லை. கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணமும் இல்லை. என்னோடு ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்த ஒரே மனிதன்...

பல்லைக் கடித்துக்கொண்டு நம்பர் தேடிப் பிடித்தேன். டாக்டரம்மாவின் அறையில் ஸ்பீக்கரில் போட்டோம்.

"பஞ்சு சாருங்களா! உசுரோடத்தான் இருக்கீங்களா?"

டாக்டரம்மா விவரம் சொல்லிக் கேட்டதும் கொட்டினான் பாருங்கள்.

"செருப்ப ஒரு இஞ்ச் நகத்தி வெச்சாலும் கண்டுபுடிச்சுருவாப்லங்க மேடம். தெனமும் அதே நாலு இட்லி, சட்னி இட்லி மேல படக்கூடாது. கிறிஸ்மஸுக்கு எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, கூட்டத்தப் பாத்துட்டுக் கோழிக்கூண்டுகிட்டப் போய் நின்னுக்கிட்டாப்ல. பொய் மட்டும் சொல்ல வராதுங்க. ஒருக்கா கூட."

இத்தனையும் கவனித்திருக்கிறான்! இருபத்தாறு வருடம் ஞாபகமும் வைத்திருக்கிறான்.

பிறகு அவனே சொன்னான்: "அந்த மூணாவது கப்பு தீஞ்சுதான் மேடம் இருந்துச்சு. எனக்கும் தெரிஞ்சுது. வேலை போயிருமேன்னு வாயத் தொறக்கல."

நான் அழவில்லை. மேஜையைத் தட்டினேன். டாக்டரம்மா பயந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஆட்டிசம். ஐம்பத்தொரு வயதில்! திமிர் பிடித்தவன், ஒட்டாதவன், பஞ்சு... எல்லாருமாக வைத்த பெயர்களுக்குப் பிறகு, எனக்குச் சரியாகப் பொருந்துகிற ஒன்று கிடைத்திருக்கிறது. என்னைப் போன்ற பதினொரு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்துவிட்டேன். கொத்துப் பரோட்டா சத்தம் கேட்டால் தெருவையே மாற்றிக்கொள்வதாகப் பல்லடத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

அப்போது பஞ்சை யாரும் பார்க்காதபடி முடியை இழுத்து மறைப்பேன். இப்போது சத்தத்தைக் குறைக்கும் பெரிய ஹெட்போன். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் ராஜா மாதிரி போகிறேன்.

ஸ்டீபனை மன்னித்துவிட்டேனா? இல்லை. அவசரமும் இல்லை. ஆனால் வருகிற ஞாயிறு வெலிங்டனில் அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன்தான் டீ போடுவானாம். நன்றாக இல்லையென்றால் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன் என்று முன்கூட்டியே எச்சரித்தேன்.

"சொல்லுங்க பஞ்சு சார்... இந்தத் தடவ நானும் கூடவே சொல்றேன்."