கடைசி வாங்கு யூட்

நேற்று குருநகர்ச் சந்தியில் ஓட்டோவை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளை மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னால் பள்ளிக்கூட பாண்ட் வாத்தியம். பெரிய ட்ரம் தாளம் தப்பியது. என் காதுக்கே அது தெரிந்ததென்றால் பாருங்களேன்!

நானும் பள்ளிக்காலத்தில் அந்த பாண்டில் நின்றவன்தான். என்னை நம்பித் தந்தது தாளத்தட்டு மட்டும். அதையும் ட்ரம் அடிக்கும் யூட் கண்ணைக் காட்டினால்தான் தட்டுவேன். இருவரும் படிப்பில் கடைசியான 'டி' வகுப்பு. அங்கே வாத்திமார் வாயில் அவனுக்குப் பெயரே கிடையாது, கடைசி பெஞ்சில் இருப்பதால் 'கடைசி வாங்கு' என்பார்கள். ஆனால் ட்ரம்மை மாட்டிவிட்டால் ராசா மாதிரி நடப்பான். சும்மா இருக்கும்போதும் வாங்கு, மீன்பெட்டி, சாப்பாட்டுப்பெட்டி ஒன்றையும் விடமாட்டான், தட்டிக்கொண்டே இருப்பான்.

பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள் பள்ளிக்கூட அதிபர் வந்தார். "கணக்கில பெயில் விட்டவை பாண்டில நிக்கேலாது. விருந்தினர் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

நான் கணக்கில் எப்படியோ கரையேறியிருந்தேன். யூட் அகப்பட்டான். எல்லோருக்கும் முன்னால் ட்ரம் பட்டியைக் கழற்றி ஏ வகுப்புப் பொடியனிடம் கொடுத்தான். அழவில்லை.

விழா அன்று சந்தி மதிலில் தனியே இருந்தவனை, வாள்வெட்டுக் குழுப் பொடியள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு கண்டபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அவங்கள் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்கள், மச்சான்."

கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தை உடைத்து உள்ளே போனான். கம்பியூட்டர் இருந்தது, தொடவில்லை. ட்ரம்மை மட்டும் வாளால் கிழித்துவிட்டு வந்தான். ஏன் அதை மட்டும் என்று ஒரு மனிசன் கேட்கவில்லை. "உவன் உருப்படான் எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார் அதிபர். சொல்லிச் சொல்லியே ஆக்கி வைத்தீர்களே, பாவிகளே! சீர்திருத்தப் பள்ளி, பிறகு வெட்டு வழக்கு, மறியல் என்று சிறைவாசம். அவனுடைய வாலிபம் அதோடு சரி.

நேற்று என் ஓட்டோவின் பின்சீற்றில் இருந்ததும் அவன்தான். பிணையில் நிற்கிறவனை நீதிமன்றத்தில் வழக்குத் தவணைக்குக் கூட்டிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம்.

"மச்சான், ட்ரம் பிழையா அடிக்கிறான், கேட்டனியே?"

"எனக்கு உதுகள் விளங்காது" என்று தெரியாதவன் போலச் சொன்னேன்.

மாலை போட்ட பிள்ளைகள் எங்களைக் கடந்து போனார்கள். கண்ணாடியில் பார்த்தேன். யூட்டின் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. ஒரு விரல்கூடத் தட்டவில்லை.