ஆத்தா வேஷம் கட்டிய அய்யா

எங்கள் ஆத்தாவுக்குக் குரல் பெரிது. ஊரில் அதைக் கேலியாகச் சொல்வார்கள், நான் பெருமையாகச் சொல்வேன். கிணற்றடியில் நின்று அவள் கூப்பிட்டால் கண்மாய்க்கரையில் அய்யாவின் கையில் இருக்கிற மண்வெட்டி அப்படியே நிற்கும். ஆனால் ஒருநாளும் அவரை மரியாதைக் குறைவாகப் பேசினதில்லை. "எந்திரிங்க, இன்னுமா உக்காந்திருக்கீங்க?" என்று மரியாதையாகத்தான் விரட்டுவாள். மழை பொய்த்த ஒரு வருஷம், கிணற்றை ஆழப்படுத்தியே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அய்யாவையும் சித்தப்பாமார்களையும் உள்ளே இறக்கிவிட்டாள். ஊற்றுக் கண்ட பிறகுதான் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். அந்தத் தண்ணீரைத் தெருவே குடித்தது. குடித்தவர்களேதான் அவளை வாயாடி என்றார்கள். அது கிடக்கட்டும்.

அந்தப் பேச்சு என் கல்யாணத்தின் மேல் வந்து விழுந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள், "பொண்ணு தங்கமான பொண்ணு, ஆத்தாக்காரிதான்..." என்று இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. அந்த மாப்பிள்ளை போன வருஷம் எங்கள் மாதா கோயில் தேரை இழுக்க வந்தவர். அப்போதே நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. உயிர்த்த ஞாயிறு திருநாளுக்கு வந்து பெண்ணைப் பார்த்து, மறுநாள் நாடகத்தையும் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை சேதி சொல்கிறோம் என்று ஆள் அனுப்பினார்கள்.

"அவங்க பஸ் ஏறுற வரைக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன். இந்த எடமும் என்னால கெட வேணாம்" என்றாள் ஆத்தா. அய்யா நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

நாடகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்போது எங்கள் கோயிலுக்கு இங்கிலாந்துச் சாமியார் ஒருவர் இருந்தார். அவர் ஊரில் குடும்பத்தை வைத்துச் சிரிப்பு நாடகம் போடுவார்களாம். ஒரு வீட்டில் தாய்க்காரி வைத்ததுதான் சட்டம், புருஷனும் மக்களும் அவளுக்குப் பயந்து ஒளிகிறார்கள், அதுதான் கதை. சாமியார் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூட வாத்தியார் அதைத் தமிழில் எழுதிவிட்டார். பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டவேண்டும். அந்தத் தாய் வேஷத்துக்கு யாரைப் போட்டும் சரிவரவில்லை. அதிர்ந்து பேசாத எங்கள் அய்யா, ஒருநாள் ஒத்திகை பார்க்கப்போனவர், அந்தத் தாய் இப்படிப் பேசுவாள் என்று சும்மா பேசிக் காட்டியிருக்கிறார். வாத்தியார் அவரை விடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் அய்யா பின்வாங்கப் பார்த்தார். ஆத்தாதான், "ஒத்துக்கிட்ட வேலைய நடுவுல விடாதீங்க. யாரோ வெள்ளைக்காரி வேஷந்தானே?" என்று சொல்லி, தன் பெட்டியிலிருந்து திருநாள் சேலையையும் எடுத்துக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்த்தார்கள். ஆத்தா சிரித்ததும் தலையாட்டியதும் தவிர வேறொன்றும் செய்யவில்லை. "ஒடம்புக்கு முடியலையா?" என்று மாப்பிள்ளையின் ஆத்தா கேட்டே விட்டார்கள்.

திங்கட்கிழமை வெயில் தாழ்ந்ததும் கோயில் வெளியில் நாடகம் ஆரம்பித்தது. பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஆத்தா, அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் ஆத்தா, பின்னால் நான். படுதாவை விலக்கிக்கொண்டு அய்யா வந்தார். ஆத்தாவின் சேலை, ஆத்தாவைப்போலவே இடுப்பில் சாவிக்கொத்து, ஆத்தாவின் நடை. புருஷன் வேஷம் போட்ட வாத்தியாரைப் பார்த்து, "ஏங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா? காட்டலேன்னா மோர வச்சிட்டு எந்திரிங்க. மாடு குடிச்சப்பெறகு நீங்க குடிக்கலாம்!" என்றார். வாத்தியார் எழுதினதில் மாடும் இல்லை, மோரும் இல்லை. அத்தனையும் எங்கள் வீட்டுப் பேச்சு.

ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுத் திரும்பி எங்கள் ஆத்தாவைப் பார்த்தது. விஷயம் தெரியாத மாப்பிள்ளையின் ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாதாவே! இப்படியும் ஒரு பொம்பள இருப்பாளா?" என்றார்கள். ஆத்தா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அய்யா கீழே பார்த்தார். ஆத்தாவும் அவரையே பார்த்தாள். அவ்வளவுதான், அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. வாத்தியார் மெதுவாக எடுத்துக்கொடுத்தார், காதில் ஏறவில்லை. பொய்க்கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. பையன்கள் விசில் அடித்தார்கள். "வெள்ளைக்காரிக்குப் பேய் புடிச்சிருச்சு, மந்திரிச்சுவிடுங்கப்பா!" என்று ஒருவன் கத்தினான். அய்யா இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றார்.

ஆத்தா என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். பேசு என்று நான் தலையை ஆட்டினேன். அவள் எழுந்தாள்.

"ஏங்க! எதுக்கு மரமாட்டம் நிக்கிறீங்க? மகன் அங்கிட்டு ஒளிஞ்சிருக்கான் பாருங்க. காதப் புடிச்சு இழுத்தாந்து, எங்கடா போயிருந்தேன்னு கேளுங்க!"

சேலை கட்டி, சாவிக்கொத்து வைத்திருந்த எங்கள் அய்யா திடுக்கிட்டு, "இந்தா கேட்டுர்றேன் புள்ள!" என்றார்.

அப்படி ஒரு சிரிப்பை நான் பிறகு கேட்டதில்லை. சாமியார் நாற்காலியோடு குலுங்கினார். அதற்குப்பின் அய்யாவை யாராலும் நிறுத்த முடியவில்லை. அவர் தடுமாறின இடத்திலெல்லாம் ஆத்தா கீழே இருந்து எடுத்துக்கொடுத்தாள். அவளுக்கு எதற்கு வாத்தியாரின் பேப்பர்? நாடகம் முடிகிறவரை அவள் உட்காரவே இல்லை. மாப்பிள்ளையின் ஆத்தா மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அந்த அம்மா, மாப்பிள்ளையோடும் அவருடைய மாமனோடும் வந்தார்கள். சொல்லிக்கொண்டு கிளம்புகிற முகமாகத்தான் இருந்தது.

"நேத்து மேடையில வந்தது நீங்கதானாமே?"

"நாந்தான்" என்றாள் ஆத்தா. "எம்புருசன் அத்தன சனத்துக்கு முன்னால முழிக்கிறப்ப என்னால வாயக் கட்ட முடியல. இந்த வாய் இப்படித்தான் இருக்கும். சம்மதம்னா பேசலாம். இல்லேன்னா காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க, எனக்கு வருத்தமில்ல."

"மகளும் ஒங்கள மாதிரியா?"

கண்மை முழுசாகப் போகாத முகத்தோடு வாசலில் நின்ற அய்யா, "இல்லீங்க, அது என்னைய மாதிரி..." என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னால் இருந்த நான் வெளியே வந்தேன். பெண் பேசக்கூடாத இடம்தான் அது. "ஆத்தா மாதிரித்தான்" என்றேன்.

மாப்பிள்ளையின் ஆத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார்கள். "இவங்க அப்பாவும் வாயில்லாத மனுசர், இவனும் அப்படித்தான். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு. கோயில்ல சனத்துக்கு முன்னால கல்யாண ஓலைய எப்ப வாசிக்கச் சொல்லலாம்?"

நான் ஆத்தா முகத்தைப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அவசரப்படாதீங்க. நீங்க பொண்ணப் பாத்துட்டீங்க. நான் இன்னும் மாப்பிள்ளைய ஒரு வார்த்தை கேக்கல. தம்பி, மாட்டப் பூட்டிக் கமலையில தண்ணி எறைக்கத் தெரியுமா? நெல்லு அவிச்சா அண்டாவ எறக்கி வைப்பீங்களா, இல்ல பாத்துக்கிட்டு நிப்பீங்களா?"

மாப்பிள்ளை பதறி எழுந்து நின்றார். அய்யா ஒரு செம்பு மோரை அவர் கையில் கொடுத்து, தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்:

"உக்காந்து பதில் சொல்லுங்க மாப்ளே. நேரமாகும்."