எழுத்தைப் பார்த்து அடிக்கவும்

கண் டாக்டரின் இணையதளத்தில், கண் தெரியாதவர்கள் நுழைய முடியாதபடி பூட்டுப் போட்டவன் நான். வேண்டுமென்று போடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

தூத்துக்குடியில் இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஷிப்பிங் ஏஜென்சிக்காரர்கள், மீதிப் பேர் உப்புக் கம்பெனிக்காரர்கள். ஒருவருக்குக் கப்பல் படம், இன்னொருவருக்கு உப்புக் குவியல் படம், கீழே ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். செய்து கொடுத்த பிறகு யாரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. குறை சொல்ல ஆள் இல்லாததால் எனக்கு வேலை தெரியும் என்ற நினைப்பு ஏகத்துக்கு வளர்ந்திருந்தது.

அப்போதுதான் ஊருக்குள் ஒரு கண் மருத்துவமனை நடத்தும் டாக்டரம்மா கூப்பிட்டார். ஒரே டாக்டர், ஒரு நாளைக்கு நாற்பது டோக்கன். காலை ஏழு மணிக்குப் போனில் டோக்கன் கொடுப்பார்கள். போன் எந்நேரமும் பிஸி. நான் இணையதளத்தில் டோக்கன் பதிவு செய்யும் வசதி செய்து கொடுத்தேன். இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு மருந்துக் கடைக்காரர் ஏழு மணி அடித்ததும் பத்துப் பன்னிரண்டு டோக்கனை வெவ்வேறு பெயரில் போட்டு வைத்துக்கொண்டு, தன் கடைக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

அவரை மடக்க நான் ஒரு வேலை செய்தேன். கோணல்மாணலாக ஐந்து எழுத்து உள்ள ஒரு படம். அதைப் பார்த்து, அதே எழுத்தைக் கீழே அடித்தால்தான் டோக்கன் கிடைக்கும். ஒவ்வொரு டோக்கனுக்கும் புதுப் படம். கடைக்காரரின் வேகம் குறைந்தது. டாக்டரம்மா பாராட்டினார். அந்தப் பாராட்டின் சூட்டோடு, "போன்லயும் குடுத்தா குழப்பம் மேடம், போன் டோக்கன நிப்பாட்டிருங்க" என்று யோசனை சொன்னவனும் நானேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த எழுத்துப் படத்தோடு ஒரு சின்ன ஸ்பீக்கர் படமும் சேர்ந்தே வந்தது. அதைத் தொட்டால் எழுத்துகளை வாசித்துக் காட்டும். பக்கத்தின் அழகைக் கெடுக்கிறது என்று அதை எடுத்துவிட்டேன். கண் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் யாருக்கு அது வேண்டியிருக்கும் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

ஒரு நாள் வரவேற்பில் இருந்த பிரிண்டரைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்து மேஜை முன்னால் நின்றார். வரவேற்பில் இருந்த பெண், "இப்பம்லாம் வெப்சைட்லதான் டோக்கன் அக்கா. நேர்ல குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள்.

"அதுல போட்டுப் பாத்துட்டுதான் தாயி வாரேன். வர மாட்டேங்கு."

வாயை மூடிக்கொண்டு பிரிண்டரைப் பார்த்திருக்கலாம். என் படைப்பைக் குறை சொன்னால் எப்படி? தலையை நிமிர்த்தி, "ஈசிதான் அக்கா. அந்த எழுத்தப் பாத்து அடிச்சா போதும்" என்றேன்.

"பாக்க முடிஞ்சா நான் எதுக்குத் தம்பி இங்கன வாரேன்?"

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். வரவேற்புப் பெண்ணும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வந்ததுபோலவே சுவரைத் தொட்டுக்கொண்டு வெளியே போனார்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா என்னை அழைத்தார். அந்த அக்கா அன்று காலை கண் வலி தாங்காமல் டோக்கன் இல்லாமலே வந்திருக்கிறார். ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றொன்றில் கண் அழுத்த நோய். மருந்தை மாற்றிக் கொடுத்து, பத்து நாளில் வந்து அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். புது மருந்து வேலை செய்யவில்லை. அது தெரியவந்தபோது ஐந்து வாரம் ஓடிவிட்டது.

"சுத்தி இருந்த பார்வை நிறையப் போயிருச்சு. நேரா இருக்கதுதான் கொஞ்சம் தெரியுது. டோக்கன் கிடைக்கலன்னு சொல்றாங்க. உங்க வெப்சைட்ல என்ன பிரச்சனை?"

"முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா மேடம்?"

"உறுதியாச் சொல்ல முடியாது."

அந்த 'சொல்ல முடியாது' என்பதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் அதுவும் கைகொடுக்கவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லி, அக்காவின் சம்மதம் கேட்டு வாங்கி, தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். திருநெல்வேலி சாலையில் அவருக்குக் கருப்பட்டிக் கடை. துணைக்கு ஆள் கிடையாது. கருப்பட்டியைக் கையால் தடவியே பழசு எது, புதுசு எது என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வெப்சைட் செஞ்சது நான்தான் அக்கா" என்று ஆரம்பித்தேன்.

"தெரியுது. அன்னைக்கு ஈசின்னு சொன்ன குரல்தான."

ஸ்பீக்கர் படத்தை எடுத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. ஆனால் சொல்லாமல் அவர் காட்டிய ஸ்டூலில் உட்கார என்னால் முடியவில்லை. அவர் கை ஒரு கருப்பட்டி மேல் அப்படியே நின்றது.

"கோவமா அக்கா?"

"ஆமா. கோவம் இருக்கத்தான் செய்யுது. வந்த வேலையப் பாரு."

அவர் போனில் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் வசதி உண்டு. அதைப் போட்டு என் இணையதளத்தைத் திறந்தார். நான் செய்த பக்கத்தை முதன்முதலாகக் காதால் கேட்டேன். "பெயரிடப்படாத பட்டன். பெயரிடப்படாத பட்டன். படம்." அவ்வளவுதான். பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்று போனுக்குத் தெரிய நான் எதுவும் எழுதி வைக்கவில்லை. தேடித் தடவி அவர் எழுத்துப் படம் வரைக்கும் போய்விட்டார். அதற்கு மேல் சுவர்.

"தெனமும் ஏழு மணிக்கு இந்தப் படத்துக்கிட்ட வந்துதான் நிப்பேன். ஒரு நாள் டீக்கடை அண்ணாச்சிட்ட போனக் குடுத்தேன். அவரு கண்ணாடியத் தேடி எடுத்து அடிக்கதுக்குள்ள டோக்கன் தீந்துட்டு" என்றார்.

ஊருக்குத் திரும்பி முதல் வேலையாக எழுத்துப் படத்தைத் தூக்கினேன். ஒரு போன் நம்பருக்கு ஒரு நாளில் ஒரு டோக்கன் என்று வைத்தேன். மருந்துக் கடைக்காரரை மடக்க அதுவே போதுமாக இருந்தது. அரை மணி நேர வேலை. இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்று தெரிந்தபோது கணினி முன்னால் உட்கார்ந்து என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேன். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் கொடுத்தேன். போன் டோக்கனும் திரும்ப வந்தது.

அடுத்த வாரம் சரிபார்க்க மறுபடியும் கடைக்குப் போனேன். அக்கா போனை எடுத்தார். "பெயர்." "வயது." "தேதி." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியில் "உங்கள் டோக்கன் எண் ஏழு" என்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாராட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன், வெட்கங்கெட்டவன்.

"பொறு" என்றார். முந்தானையை நாலாக மடித்து, அதைத் தெரிகிற அந்த ஒரு கண்மேல் இடது கையால் வைத்து மூடிக்கொண்டார். "இப்பம் தேதிய மாத்திப் பாக்கேன்."

"எதுக்கு அக்கா? அதான் டோக்கன் வந்துட்டே."

"இப்பம் இந்தக் கண்ணு ஒளிஞ்சு பாத்துக்கிட்டுல்லா இருக்கு. இது முழுசாப் போன பொறவும் நான் ஒத்தையில டாக்டரப் பாக்கப் போணும்."

பெருவிரல் திரையில் மேலும் கீழும் போனது. தேதி மாற்றும் இடத்தில் மாட்டிக்கொண்டார். போன் ஒரே தேதியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. நான் வாயெடுத்தேன். "சொல்லாத" என்றார். கடைக்கு ஒரு ஆள் வந்து, பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி நின்றார். ரொம்ப நேரம் தேடிவிட்டுத்தான் அக்கா முந்தானையை எடுத்தார்.

"இந்த எடம் சரியில்ல. இதையும் சரி பண்ணிரு. சீக்கிரம் பண்ணு தம்பி. இந்தக் கண்ணு எத்தன நாளைக்கு இருக்கும்னு டாக்டரே சொல்ல மாட்டேங்காவ."

சரி அக்கா என்றேன்.