ஒரு சைஸ் பெரிய டயர்

கட்டிங் மாஸ்டராகப் பல வருடம் இருந்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குவான். பனியன் துணி துவைத்தால் சுருங்கும், அதற்கு இடம் விட்டு வெட்டியாக வேண்டும் என்று கைக்குப் பழகிவிடுகிறது. துணி வெட்டும் மேசையை விட்டு வந்து வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகும் எனக்கு அது தீரவில்லை. என் செருப்பு பெரிது, ஹெல்மெட் பெரிது. கல்யாண மோதிரமே நூல் சுற்றித்தான் விரலில் நிற்கிறது. ஆகவே போன மாதம் வேனுக்குப் புது டயர் போடப் போனபோது கடைக்காரரிடம், “ஒரு சைஸ் பெருசாவே போடுங்க, ஆளுக ஏறுனா அமுங்குமில்லீங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்றதும் போட்டுக் கொடுத்துவிட்டார். வண்டி கம்பீரமாக நின்றது. நானும்தான்.

அவிநாசிக்கு வடக்கே சில ஊர்களில் பெண்களை ஏற்றி, நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் இறக்குவது என் வேலை. வேன் என்னுடையது, ரூட்டு கம்பெனியுடையது. ஐம்பதைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அதற்காக வண்டிக்குள் ஒரு ஜிபிஎஸ் பெட்டி வைத்திருக்கிறார்கள். தாண்டினால் டிரான்ஸ்போர்ட் மேனேஜரின் போன் கத்தும். மூன்று தடவை கத்தினால் ரூட்டை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த ரூட்டை விட்டால் எனக்கு வேறு வருமானம் கிடையாது.

டயர் மாற்றிய மறுநாளே கத்தியது.

“ஏனுங்க, இத்தன வருசமா பூப்போல ஓட்டுவீங்க. இப்ப என்னங்க அவசரம்?” என்றார் மேனேஜர். கொங்கு மரியாதை ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சத்தியமா அம்பதுலதானுங்க வந்தேன். மீட்டர் முள்ளப் பார்த்துட்டேதானுங்க ஓட்டுனேன்.”

“அப்பிடீங்களா? நாளைக்குப் பார்க்கலாமுங்க.”

மறுநாளும் கத்தியது. இரண்டாயிற்று. நான் அவருக்குப் போன் போட்டு, பெட்டி கெட்டுப்போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்று சத்தம் போட்டேன். திங்கட்கிழமை தானே வண்டியில் ஏறி வந்து பார்ப்பதாகவும், அதற்குள் மூன்றாவது தடவை கத்தினால் பேச்சே இல்லை என்றும் அவர் தணிந்த குரலில் சொன்னார்.

அன்றிலிருந்து நான் மனிதனாக இல்லை. வானத்தில் எங்கோ சுற்றும் செயற்கைக்கோளுக்கு என் மேல் என்ன காண்டு என்று யோசித்தேன். பெட்டியின் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடினேன். சளி பிடித்த குழந்தைக்குச் செய்கிற வைத்தியம்தான், வேறென்ன தெரியும் எனக்கு? விபூதியும் பூசினேன். பிறகு முள்ளை முப்பதில் நிறுத்திவைத்து ஓட்டினேன். சைக்கிள்காரர் ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினார்.

முன் சீட்டில் எப்போதும் உட்காரும் பெண் திருநெல்வேலிப் பக்கம். கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்த துணியில் ஓட்டை தேடித்தேடி மனிதர்களிடமும் ஓட்டை பார்க்கிற கண் அது.

“என்ன அண்ணாச்சி, வண்டிய ஓட்டுதியளா, இல்ல உருட்டுதியளா?”

“பாதுகாப்பு முக்கியமில்லீங்க.”

“கேட்டச் சாத்திட்டான்னா அரை நாள் சம்பளம் போயிரும். அத ஒங்க பாதுகாப்பா தரும்?”

பின்னாலிருந்து இன்னொரு குரல், “அண்ணா ரிவர்ஸ்ல போறாப்பல இருக்குதுங்க” என்றது. வண்டி முழுக்கச் சிரிப்பு. ஆனால் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் கேட்டில் கை வைத்திருந்ததைப் பார்த்ததும் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேகமாகப் போனால் என் ரூட்டு போகும். மெதுவாகப் போனால் அவர்கள் கூலி போகும்.

சனிக்கிழமை காலை மனதைக் கல்லாக்கிக்கொண்டு நாற்பத்தைந்தில் போனேன். அந்தப் பெண் தன் போனில் வழி காட்டும் மேப்பைத் திறந்து முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“ஒங்க முள்ளு நாப்பத்தஞ்சுங்கு. இதுல நாப்பத்தொம்பது காட்டுது, பாருங்க.”

“உங்க போன் பொய் சொல்லுதுங்க.”

“பெட்டியும் பொய், போனும் பொய். ஒங்க முள்ளு மட்டும் அரிச்சந்திரனாக்கும்?”

ஞாயிற்றுக்கிழமை, ஊரே பிரியாணிக்கு வரிசையில் நின்றபோது, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பட்டறைக் கதவைத் தட்டினேன். விபூதி பூசிய ஜிபிஎஸ் பெட்டியைப் பார்த்தார். கீழே குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

“டயரு மாத்துனீங்களா?”

“ஒரு சைஸ் பெருசுங்க. லோடு ஏறுனா அமுங்கிச் சரியாயிருமில்லீங்க?”

“அண்ணா, இது டயருங்க. சாயப்பட்டறைல போட்டுச் சுருங்க பனியன் துணியா?”

சுண்ணாம்புக் கட்டியால் டயரில் ஒரு கோடு போட்டு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு போட்டார். சக்கரம் ஒரே ஒரு சுற்று சுற்றும்வரை இருவரும் வண்டியைத் தள்ளினோம். கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு அடையாளம். என் சட்டைப்பையில் இப்போதும் கிடக்கும் இஞ்ச் டேப்பால் நான் அளந்தேன். மூலையில் கிடந்த பழைய சைஸ் டயர் ஒன்றையும் அதே போல உருட்டி அளந்தோம். புது டயர் ஒரு சுற்றில் அரை அடிக்கு மேல் கூடுதலாகப் போகிறது. மீட்டரோ சுற்றைத்தான் எண்ணுகிறது. சக்கரம் பெரிதானது அதற்கு எப்படித் தெரியும்? நான் ஐம்பது என்று நம்பிய இடமெல்லாம் ஐம்பத்துநாலு.

புது வண்டியென்றால் கம்ப்யூட்டரை மாட்டி டயர் அளவை மாற்றினால் போதுமாம். என் வண்டி பழசு. கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்குப் போகும் வயரின் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் சேர்த்தார். எத்தனை சதவீதம் திருத்த வேண்டும் என்று அதில் வைக்கலாம்.

“எட்டுங்க” என்றேன் கணக்குப் போட்டு. “டயர் பெருசு, அதனால எட்டைக் கழிங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கட்டிங் மாஸ்டர் தோரணையில் கையைக் காட்டினேன். கழித்தார். பைபாஸில் ஓட்டினோம். முள் நாற்பத்தாறு காட்டியது, அவர் மடியிலிருந்த போன் ஐம்பத்துநாலு காட்டியது.

“ஐயோ, இன்னும் மோசமாயிருச்சுங்க!”

“நீங்க சொன்னதுதானுங்ணா” என்றார் பவ்யமாக. ஓரமாக நிறுத்தச் சொல்லி, கழித்ததை எடுத்துவிட்டு எட்டைக் கூட்டினார். திரும்பி வரும்போது முள்ளும் போனும் கூடப்பிறந்தவர்கள் போல ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. நான் ஸ்டியரிங்கைத் தட்டித்தட்டிச் சிரித்தேன். அவர் தன் பக்கத்துக் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மேனேஜர் முன் சீட்டில் உட்கார்ந்தார். தன் சீட்டைப் பறிகொடுத்த பெண் பின்னாலிருந்து, “சார், பெல்ட்ட நல்லா மாட்டிக்கோங்க” என்றாள். டயர் விஷயத்தை முதல் திருப்பத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த போனையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தபடி வந்தார். மெயின் ரோட்டில் முள் நாற்பத்தெட்டில் நின்றது. போனும் அதையே சொன்னது. யாரும் கத்தவில்லை. கேட் விரியத் திறந்திருந்தபோதே போய்ச் சேர்ந்தோம். பெண்கள் செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு, ஆற அமர இறங்கினார்கள்.

மேனேஜர் கீழே இறங்கி, டயரை ஷூ நுனியால் ஒரு தட்டு தட்டினார்.

“தாராபுரத்துல இருந்து வர்ற வேன்லயும் போன வாரம் இப்பிடித்தானுங்க மணி அடிச்சுது. அந்தத் தம்பியைத் திட்டிப்போட்டேன். அந்த எலக்ட்ரீஷியன் நம்பரக் குடுங்க.”

கொடுத்தேன். பிறகுதான் கேட்கத் தைரியம் வந்தது.

“அப்ப எங்க ரூட்டுங்க?”

“சாயங்காலம் வந்து ஆளுகளைக் கூட்டிட்டுப் போங்க. வேற யாரு வருவா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.