திருவேங்கடத்தின் சனிக்கிழமைகள்

சித்தூர் பஜாரில் கோவர்த்தனன் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்த திருவேங்கடம், தனக்குச் சொந்தம் என்று நினைத்தவை இரண்டுதான். ஒன்று, நெற்றியில் விழுந்து தொங்கும் ஒரு சுருள் முடி. மற்றது, சனிக்கிழமை. நகரிக்குக் கிழக்கே நொச்சிமேட்டில் அவனுக்கு அப்பாவு என்று ஒரு நைனாவும் செங்கம்மா என்று ஓர் அக்காவும் இருந்தார்கள். அவர்களை அவன் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் சுருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலையில் வாசலின் களிம்பு தடவி, பென்சிலில் சுற்றிக்கொண்டு, கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருப்பான். மழை வந்தால் குடையைச் சுருளுக்குப் பிடிப்பான்; முதுகு பாட்டுக்கு நனைந்துகொண்டிருக்கும். ஆந்திர ராஜ்யம் பிரிந்த புதிது அது. எல்லை பார்க்க வந்த அதிகாரிகள் கண்ணில் அந்தச் சுருள் பட்டிருந்தால், அதைத் தமிழில் சேர்ப்பதா தெலுங்கில் சேர்ப்பதா என்று தனியாக ஒரு கமிஷன் போட்டிருப்பார்கள்.

ஊரில் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. சித்தூர் சென்னையோடு சேர வேண்டும் என்று இங்கே ஒரு பந்தல். ஆந்திராவோடுதான் இருக்க வேண்டும் என்று எதிரே ஒரு பந்தல். திருவேங்கடமும் கூட்டாளிகளும் இரண்டுக்கும் தவறாமல் போனார்கள். போண்டா எங்கே சூடாக இருந்ததோ அங்கே கை தட்டினார்கள். கூட்டாளிகள் என்றால் இரண்டு பேர். வீராசாமி அதே கடையில் துணி கிழிப்பவன். திருவேங்கடத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவன், அதை ஒருநாளும் மறக்காதவன். நேசகுமார் ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர். மதுவிலக்குக் காலத்தில் கம்பவுண்டர் சிநேகிதம் கிடைப்பதற்கு முன்பிறவியில் குளம் வெட்டியிருக்க வேண்டும். வயிற்று வலிக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிற இஞ்சி டிஞ்சரை அவன் புட்டியாகவே கொண்டுவந்தான். அதற்கு 'ஜிஞ்சர்' என்று செல்லப் பெயர். கோலி சோடாவில் கலந்து ஊற்றிக்கொண்டால் தொண்டையிலிருந்து தொப்புள் வரைக்கும் கோடு போட்டுக்கொண்டு இறங்கும். ஒருமுறை திருவேங்கடம் குடித்துவிட்டு ஏப்பம் விட்டதில் பக்கத்து ஆசாமியின் அணைந்துபோன பீடி பற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். பீடியை நான் பார்க்கவில்லை. ஏப்பத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது.

சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பக்கம் கிளம்புவார்கள். கைலாசகோனை அருவியில் குளியல், சந்திரகிரிக் கோட்டையில் சீட்டாட்டம், திருப்பதியில் மிலிட்டரி ஓட்டல் ஈரல் வறுவல். கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. ஆகவே சனிக்கிழமைக்கு யாராவது ஒருவர் சீக்காக வேண்டியிருந்தது. பெரியப்பா, சித்தப்பா, மாமன், மாமனுடைய மாமன் என்று திருவேங்கடம் உறவில் ஆள் மீதியில்லாமல் படுக்க வைத்துவிட்டான். நைனா ஒருவர்தான் பாக்கி.

அந்த நைனா ஒரு தடவை சித்தூருக்கு வந்திருந்தார். குடுமி, முழங்காலுக்கு மேலே ஏறிய வேட்டி, தோளில் ஒரு மூட்டை வேர்க்கடலை. கடை வாசலில் நின்றவரைக் காட்டி வீராசாமி, "யார்றா இது?" என்று கேட்டான்.

"எங்க ஊட்டு மாடு மேய்க்கிற ஆளு" என்றான் திருவேங்கடம்.

அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "வரட்டுங்களா சின்ன ஐயா" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கடலையை அன்று மாலையே மூன்று பேரும் ஜிஞ்சருக்குத் தொட்டுக்கொண்டார்கள்.

இனிமேல்தான் அந்தச் சனிக்கிழமை.

"நைனாவுக்கு ரொம்ப சீரியஸ், முதலாளி" என்று சொல்லிவிட்டுத் திருவேங்கடம் புறப்பட்டான். வீராசாமிக்கு அதே நேரத்தில் பல்வலி வந்தது. கோவர்த்தனன் மதுவிலக்குக் கமிட்டியில் பெரிய மனிதர், இளகிய மனசுக்காரர். சின்ன வயதிலேயே தகப்பனைப் பறிகொடுத்தவர். தகப்பன் என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கை உறிஞ்சுவார்.

சந்திரகிரிச் சாலையில் ஒரு மாந்தோப்பு. திருவேங்கடம் அளவுக்கு மீறி ஊற்றிக்கொண்டு, நேசகுமாரின் சப்பை மூக்கைப் பற்றியும் வீராசாமிக்கு வராத மீசையைப் பற்றியும் வெகுநேரம் பேசிவிட்டு, மல்லாந்து தூங்கிப்போனான். தூக்கத்திலும் ஒரு கை சுருளைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்தது. மலைக்குப் போகிறவர்களுக்கு மொட்டை போடுகிற சவரக்காரர் ஒருவர் பெட்டியோடு சாலையில் வந்தார்.

"மொக்கா பாபு?" என்று கேட்டார். தெலுங்கில் வேண்டுதலுக்கு அதுதான் பேர்.

"அவுனு, மொக்குதான்" என்றான் வீராசாமி.

"தூங்கறாரே?"

"பக்தி முத்திப்போயி மயங்கிட்டாரு. நீ போடு."

சவரக்காரர் குனிந்தார், முகர்ந்தார். "இஞ்சி வாசன வருதே பாபு?"

"எங்க பக்தி அப்படித்தான் வாசன வரும்" என்றான் நேசகுமார். கோவிந்தா கோவிந்தா என்று இரண்டு பேரும் கத்தினார்கள். கத்தி ஏறி இறங்கியது.

திருவேங்கடம் விழித்தபோது நேசகுமார் ஒரு தொன்னையை நீட்டினான். "இந்தா, பிரசாதம்." தொன்னையில் சுருள் இருந்தது, வாசலின் பளபளப்போடு.

பஸ்ஸில் சித்தூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தான். ஆனாலும் பொய்யில் பழுத்தவன். ஊர் வந்து சேர்வதற்குள் பதில் தயார்: நைனா பிழைத்துக்கொண்டார், அதற்காகப் பெருமாளுக்கு மொட்டை. நல்ல பதில்தான். திங்கட்கிழமை காலை அதை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு கடைப்படி ஏறினான்.

கடை அப்படியே நின்றுபோனது. கோவர்த்தனன் கல்லாவிலிருந்து எழுந்தார். மொட்டைத் தலையைப் பார்த்தார், ஞாயிறு முழுக்க அழுது வீங்கிய கண்ணைப் பார்த்தார். நேராக வந்து கட்டிக்கொண்டார்.

"பூட்டாரா? அய்யோ, என்னாட்டமே ஆயிட்டியேடா!" என்று தேம்பினார். "கவலப்படாத. இனிமே நான்தான் உனக்கு நைனா. திருப்பதியில புதுக்கடை தொறக்கறேன்ல, அத நீயே பாத்துக்கோ. உன் பொறுப்பு."

திருப்பதிக் கடை! மிலிட்டரி ஓட்டலுக்கு எதிர்ச் சாரி. அந்த இடத்தை வீராசாமி தனக்கென்று நினைத்து வைத்திருந்தான். நாக்கு நுனியில் இருந்த பதிலைத் திருவேங்கடம் விழுங்கிவிட்டான். அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை, பாருங்கள். வாயை மூடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். கடன் கேட்காமலே வந்து விழுந்த சாவு. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

ஆனால் கோவர்த்தனன், "கருமாதிக்கு நான் வராம இருப்பனா? கடை ஆளுங்க எல்லாரையும் இட்டுக்கினு வர்றேன்" என்றார். திருவேங்கடம் யோசித்துப் பார்த்தான். கருமாதி வீட்டில் செத்தவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தால் திருப்பதிக் கடை என்ன ஆகும்?

நொச்சிமேட்டுக்கு ஓடினான். அப்பாவு களத்தில் கடலைக் கொடி உதறிக்கொண்டிருந்தார். மகனின் தலையைப் பார்த்துக் கொடியைக் கீழே போட்டார். விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் நிதானமாக விசாரித்தார்.

"நான் எப்பொ செத்தேன்?"

"சனிக்கிழம, நைனா."

"எதுல?"

"மாரடப்பு."

"ரொம்ப இழுத்துக்கினு கெடந்தேனா?"

"இல்ல நைனா. பொட்டுனு பூட்ட."

"அந்த மட்டுக்கும் நல்லது."

முறத்தோடு நின்றிருந்த செங்கம்மா, "பாவி, உனுக்கு நாக்கு அழுவாதா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"நீ சும்மா இரு கெழுத" என்றார் அப்பாவு. "மாடு மேய்க்கிறவனா இருந்தேன். இப்பொ சாமிகிட்டயே பூட்டேன். புள்ள நம்மள மேல மேல தூக்கி உட்டுக்கினு கீறான்."

"ஒரே ஒரு நாளு, நைனா. குடிபாலாவுல அத்த ஊட்ல போய் இருந்துக்கினு வந்துடு. எனுக்குத் திருப்பதிக் கடையே வருது."

அப்பாவு குடுமியை அவிழ்த்து உதறி முடிந்துகொண்டார். "நடத்திடலாம். மொதலாளிய இட்டுக்கினு வா. குறை வெக்காத ஜோரா நடத்திடலாம்."

திருவேங்கடம் எதிர்பார்க்கவே இல்லை. அப்படியே காலடியில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவு அவன் மொட்டையைத் தடவிக்கொடுத்தார்.

"ஏண்டா, டவுன்ல நீ இன்னா துன்ற, இன்னா குடிக்கிற? ஒரு நாளும் சொன்னதில்லியே. உனுக்கு இன்னா புடிக்கும் இப்பல்லாம்?"

நைனா அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மகன் உருகிவிட்டான். அருவி, கோட்டை, சீட்டு, ஈரல் வறுவல், காராபூந்தி, கத்திரி மார்க் சிகரெட், வாசலின், எல்லாம் சொன்னான். ஜிஞ்சரை எப்படிச் சோடாவில் கலக்க வேண்டும் என்பதைக் கையால் ஜாடை காட்டிச் சொன்னான். அப்பாவு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு புட்டி கிடைக்குமா என்றுகூடக் கேட்டார். பையிலிருந்ததை எடுத்துப் பெருமையாகக் கொடுத்துவிட்டு வந்தான்.

கருமாதி நாளில் கோவர்த்தனனும் கடை ஆட்களும் நகரியில் இறங்கி மாட்டுவண்டி பிடித்து வந்தார்கள். வீராசாமி வந்தான், கருமாதிச் சாப்பாட்டை விடுவானேன் என்று நேசகுமாரும் வந்தான். திருவேங்கடம் முன் வண்டியில், முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு. வாசலில் பந்தல், ஊர்ச் சனம், சமையல் புகை. நைனா சொன்ன சொல் தவறவில்லை என்று மனசுக்குள் கும்பிட்டான்.

வண்டியை விட்டு இறங்கும்போதே பந்தலுக்குள் ஒரு பங்காளியின் சத்தம் கேட்டது. "மகனுக்கு அப்பன் மொட்ட போட்டுக்கற வழக்கம் எங்கியும் இல்லியே, அப்பாவு!"

"அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மகன் போட்டுக்கற வழக்கம் மட்டும் கீதா?" என்றது இன்னொரு குரல்.

படையலுக்கு முன்னால் அப்பாவு உட்கார்ந்திருந்தார். குடுமி இல்லை. பிள்ளைப் பிராயத்திலிருந்து முழு மொட்டை காணாத தலை, உரித்த தேங்காய் போல இருந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் தலைவாழை இலையில் வைப்பது வழக்கம்தானே. இலையில் ஈரல் வறுவல் இருந்தது. காராபூந்தி இருந்தது. ஒரு கோலி சோடா, ஒரு கத்திரி சிகரெட், வாசலின் டப்பா, நடுவில் பூச்சுற்றிய ஜிஞ்சர் புட்டி. மருந்துக்கடைச் சீட்டு அதில் ஒட்டியபடியே இருந்தது. நேசகுமார் மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் போனான்.

"பெரியவரு யாரு?" என்றார் கோவர்த்தனன்.

"நான் அப்பாவு. செத்தவனைப் பெத்தவன்."

கோவர்த்தனன் திரும்பித் திருவேங்கடத்தைப் பார்த்தார்.

"நைனா... இன்னா இது, நைனா!"

அப்பாவு திரும்பவில்லை. பந்தலில் ஒருவரும் திரும்பவில்லை. ஊருக்கே சொல்லி வைத்திருந்தார்.

கோவர்த்தனனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் கறுத்து, பிறகு ஒருவாறு தெளிந்தது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

"பையன் எதுல போனான்?"

அப்பாவு புட்டியைக் காட்டினார். "அதுல, சாமி."

"எப்போ?"

"தெரியலீங்க. சேதி கொண்டாந்தவனே அவன்தான்."

"துணி நல்லா கிழிப்பான். பாவம்" என்று கோவர்த்தனன் மூக்கை உறிஞ்சினார். நிஜமாகவே உறிஞ்சினார். அப்புறம் வீராசாமி பக்கம் திரும்பி, "திருப்பதிக்கு ஆள் இல்லாமப் போச்சே. நீ போறியா?" என்றார்.

"அவன் இருக்க வேண்டிய எடம், முதலாளி" என்று வீராசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையாலேயே வடையை எடுத்தான்.

பந்தி நடந்தது. திருவேங்கடம் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தான். செங்கம்மா சோற்றுத் தட்டோடு வந்தாள். பக்கத்தில் இருந்தவருக்குப் போட்டாள், அவனைத் தாண்டினாள், அந்தப் பக்கத்தவருக்குப் போட்டாள்.

"அக்கா, எனுக்கு."

செங்கம்மா பந்தல் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "காக்கா கத்துது பாருங்க. படையல் எலய வெளிய வெய்யுங்க."

இலையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டோரம் வைத்தார்கள். முதலாளியின் வண்டி கிளம்பிப்போயிற்று. அதில் அவனுக்கு இடமில்லை. பசி தாங்காமல் குப்பைமேட்டுக்குப் போய் உட்கார்ந்து ஈரலைத் தின்றான். நொச்சிமேட்டுக் காக்கைகள் மரியாதை தெரிந்தவை. அவன் முடிக்கும் வரை காத்திருந்தன என்று சொல்லத்தான் ஆசை. இல்லை, கொத்தின. புட்டியை மட்டும் அவனுக்கு விட்டுவைத்தன.

முடி திரும்ப வளர்ந்தது. சுருள் வளரவில்லை, துடைப்பம் மாதிரி நேராக நின்றது. சித்தூரில் ஒரு சோடாக் கம்பெனியில் புட்டி கழுவும் வேலை கிடைத்தது. வாரம் ஏழு நாளும் வேலை. கடைசியில் எல்லைத் தகராறு தீர்ந்தபோது நொச்சிமேடு சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று, சித்தூர் ஆந்திராவில் நின்றது. குடும்பக் கணக்கு எடுக்க வந்தவர்களிடம் அப்பாவு, "ஒரு பொண்ணு" என்றார். மகனுக்கும் தமக்கும் நடுவில் சர்க்காரே கோடு போட்டுக் கொடுத்ததில் அவருக்கு ரொம்பத் திருப்தி.

அப்புறம் அப்பாவு நிஜமாகவே செத்துப்போனார். மாரடைப்புதான், இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை. அந்த விஷயத்தில் திருவேங்கடம் சொன்னது பலித்தது. சேதி கேட்டு எல்லை தாண்டி ஓடிவந்தான். ஏரிக்கரையில் சவரக்காரர் முன்னால் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். செங்கம்மாவின் மகன் ஏற்கெனவே மொட்டையோடு கொள்ளிச்சட்டி பிடித்து நின்றிருந்தான்.

அன்றைக்குத்தான் செங்கம்மா, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எழுந்திரு. நீதான் முன்னமே போட்டுக்கினியே."